மூன்று பச்சை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுமார் என்று வைத்துக்கொள். குளிருக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. விமானத்திலிருந்து குதித்தவன் முதுகு அப்படித்தான் இருக்கும் என்கிறார் இங்குள்ள மருத்துவர். குதித்து எத்தனையோ வருடமாகிறது, அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. உன் மூட்டுவலி தேவலையா? மாமா சுகம்தானே? டிரைவிங் ஸ்கூலுக்கு ஆள் வருகிறதா?

போனில் பேசினால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவன் முதல் மெஸ் சமையற்காரன் வரை எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

மே மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவன் தனியாக ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்குவான். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் நின்று தண்ணீரைப் பீய்ச்சும். எல்லாரும் வரிசையில் நின்று கை தட்டுவார்கள். குடும்பமும் பக்கத்தில் நிற்கும். எனக்குக் குடும்பம் என்று இருப்பது நீயும் மாமாவும்தான். இப்போதே சொல்லிவிட்டேன், சாக்குச் சொல்லக்கூடாது.

கை தட்டுகிற வரிசையில் முதல் ஆளாக மொட்டை நிற்பான். பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்து, என்னைப் பார்த்துப் பார்த்தே பாசானவன். இப்போது இந்தத் தளத்துக்குத் தலைவன். போரில் பாதி வால் பிய்ந்துபோன விமானத்தை நான் கொண்டுவந்து இறக்கினேன். அதே வாரம் அவன் ஒரு பாலத்தின் மேல் குண்டு போட்டான். என் வாலை யாரும் படம் எடுக்கவில்லை. பாலத்தை எடுத்தார்கள். பதக்கம் அவனுக்கு.

எனக்குக் கிடைத்தது தேர்வாளர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பைலட்டின் பின் இருக்கையிலும் உட்கார்ந்து, இவன் தொடர்ந்து பறக்கலாமா கூடாதா என்று சொல்லவேண்டும். பறக்கிறவன் இறக்கையை வெட்டுகிறவன் என்று பையன்கள் எனக்குக் கத்தரி எனப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. இவர்கள் இறங்குகிற அழகைப் பார்த்தால் யாருக்கும் கத்தரியைத் தூக்கத் தோன்றும். பாதி ஓடுபாதையை வீணாக்கிவிட்டுத்தான் தரையைத் தொடுவார்கள். நான் இன்றைக்கும் ஆரம்பக் கோட்டின் மேலேயே வைப்பேன். இந்தத் தளத்தில் வேறு எவனுக்கும் அது வராது.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

ஜனவரி 24

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மருத்துவரைத் திட்டுவதால் முதுகு சரியாகாது. என் மூட்டு அப்படியே இருக்கிறது. எனக்கும் அதற்கும் பழகிவிட்டது.

கட்டாயம் வருகிறோம். மாமா இப்போதே ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. “ஆகாச டிரைவர் லைசென்சைத் திருப்பிக் கொடுக்கப் போறாராம், நாம போயி ஒரு கை தட்டிட்டு வருவோம்” என்று கார் பழக வருகிறவர்களிடம் எல்லாம் பேச்சு. கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேச அவருக்கு இந்த ஒரு வழிதான் தெரியும்.

இரண்டு கார்தான் ஓடுகிறது. மூன்றாவதை ஒரு கல்லூரி வாத்தியார் விளக்குக் கம்பத்தில் ஏற்றிவிட்டார். மாமா தன் காலடியில் இருக்கிற பிரேக்கை அழுத்தினாராம், அதற்குள் கம்பம் வந்துவிட்டதாம். கம்பமா நடந்து வந்தது என்று கேட்டேன். மூன்று நாள் பேசவில்லை.

ஒன்று சொல்கிறேன். போகிற காலத்தில் அந்தப் பிள்ளைகளிடம் கொஞ்சம் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போ. கத்தரி என்ற பெயரோடு வீட்டுக்கு வராதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

செய்தித்தாளில் எதையாவது பார்த்து நீ பதறுவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. கூட இருந்தவனுக்கும் ஒரு கீறல் இல்லை. நீங்கள் இருவரும் நலம்தானே?

போன வாரம் ஒரு தேர்வுப் பறப்பு. முன் இருக்கையில் குருவி. உருவம் சின்னது என்பதால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். முப்பது வயது இருக்கும், மனைவி பிள்ளைத்தாய்ச்சி. பின் இருக்கையில் நான். இறங்கும்போது சக்கரங்கள் உள்ளேயே இருந்துவிட்டன. விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. தீப்பொறி, புகை. தீப்பிடிக்கவில்லை. இறங்கி ஓடினோம்.

சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பலகையில் மூன்று பச்சை விளக்குகள் எரியும். அதைப் பார்த்துவிட்டு ‘மூணு பச்சை’ என்று ரேடியோவில் கோபுரத்துக்குச் சொல்லவேண்டும். குருவி சொன்னான். டேப்பில் அவன் குரல் தெளிவாக இருக்கிறது. ஒரு விளக்கும் எரியவில்லை.

மொட்டை விசாரணை வைத்திருக்கிறான். வேண்டிய அளவு சொல்லியாகிவிட்டது. இந்தக் காலத்துப் பையன்கள் வாயால் சொல்வதைக் கண்ணால் பார்ப்பதில்லை, வேறென்ன சொல்ல.

என் கடைசிப் பறப்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது. தேதி அப்படியே இருக்கிறது.

உன் தம்பி

*

பிப்ரவரி 28

என் தம்பிக்கு,

கடிதத்தை நின்றபடியே படித்து முடித்தேன். நீ முழுசாக இருக்கிறாய், அது போதும். அந்தப் பிள்ளையும் பிழைத்தான். அவன் மனைவிக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொன்னார்களோ. அவளை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மாமா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைக் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்: “பின்னாடி சீட்டுல அவனுக்கும் அந்த விளக்கு இருக்குமே? சக்கரத்தை இறக்குற லிவரும் இருக்குமே? நம்ம வண்டியில எனக்கு பிரேக் இருக்குற மாதிரி?”

எனக்கு என்ன தெரியும்? அவனிடமே கேட்டு எழுதுகிறேன் என்றேன். இருக்கிறதா? சக்கரம் இறங்காமல் தரைக்கு வந்தால் சத்தம் எதுவும் போடாதா? எங்கள் காரில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால்கூட ஒன்று கத்துகிறது.

இன்னொன்றும் மாமா கேட்கச் சொன்னார், நானாகக் கேட்பதாக நினைத்துக்கொள். ஓட்டினது அந்தப் பிள்ளைதானே?

வயிற்றைக் காயப்போடாதே. உடனே பதில் எழுது.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை மேல் வேலை. அதனால்தான் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் எதுவும் இருக்காது என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் விசாரணையில் பதில் சொல்லி முடித்தாகிவிட்டது. காரும் விமானமும் ஒன்றல்ல என்று மாமாவிடம் சொல். இரண்டு இருக்கையிலும் எல்லாமே இருக்கும், ஆனால் தேர்வு எழுதுகிறவன் முன்னால் இருக்கிறவன். ஹார்ன் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் கத்தும், தேவையில்லாத நேரத்திலும் கத்தும். அமர்த்த ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை வருடத்தில் நான் செய்ததை யாராவது ஒருவன் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். கண்ணை மறைக்கிற மணற்காற்றில் நான்கு விமானங்களை என் பின்னால் வால் பிடித்து வரச்சொல்லி இறக்கியிருக்கிறேன். இன்ஜின் நின்ற விமானத்தை ஊரின் மேல் விழவிடாமல் ஆற்றுப்பக்கம் திருப்பிவிட்டு, கடைசி நொடியில்தான் குதித்தேன். முதுகு போனது அதில்தான். பதவி உயர்வுக் குழு அதைப் பார்த்ததா? கூடப் பறக்கிறவர்களிடம் கடுமையாகப் பேசுகிறான் என்று ஒரு வரி எழுதி என்னை ஒதுக்கியது. எழுதியவன் யார் என்று எனக்குத் தெரியும். இப்போது கண்ணாடி வேறு போட்டுவிட்டார்கள். இதற்கு மேல் போகிற போக்கில் ஒரு விபத்தையும் என் பெயரோடு ஒட்டிவைத்துக்கொண்டு நான் வெளியே போகவேண்டுமா?

முடிவு வந்துவிட்டது. குருவி இனி பறக்கக்கூடாது. மார்பில் குத்தியிருந்த பைலட் இறக்கைச் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டு உதிரிபாகக் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறான். நேற்று மெஸ் வாசலில் எதிரே வந்தான். நின்று சல்யூட் அடித்தான்.

மே கடைசியில் வெயில் கடுமையாக இருக்கும். தொப்பி கொண்டுவாருங்கள்.

உன் தம்பி

*

ஏப்ரல் 11

தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம்.

சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். செய்யாத தப்புக்கு நீ ஒரே வார்த்தையில் சண்டை போடுவாய். செய்த தப்புக்குத்தான் இரண்டு பக்கம் பேசுவாய். ஓட்டினது அந்தப் பிள்ளைதானே என்று கேட்டிருந்தேன். மணற்காற்று வந்தது, ஆறு வந்தது, கண்ணாடி வந்தது. அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

விமானம் உன் கையில் இருந்திருக்கிறது. சக்கரத்தை இறக்க மறந்தது நீ. தப்பாகச் சொல்லியிருந்தால் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

மாமாவிடம் சொன்னேன். அவர் வழக்கமாக ஏதாவது கிண்டல் பண்ணுவார், பண்ணவில்லை. உனக்கு இதுவரை எழுதாத ஒன்றை எழுதச் சொன்னார். ஸ்கூல் ஆரம்பித்த புதிதில் ஓர் அம்மா ஓட்டப் பழக வந்தார். மாமா கதை பேசிக்கொண்டே பிரேக்கை மறந்துவிட்டார். கார் தபாலாபீஸ் சுவரில் மோதியது. கூட்டம் கூடியதும், “நான் சொல்லச் சொல்ல இந்த அம்மா கேக்கல” என்றார் மாமா. அந்த அம்மா எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இவர் பரவாயில்லை என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா வரவேயில்லை. இன்றைக்கும் மாமா அந்தத் தெரு வழியாகப் போகமாட்டார். சுற்றிக்கொண்டுதான் போவார். பெட்ரோல் வீணாகிறதே என்று பல வருடம் சண்டை போட்டிருக்கிறேன், காரணம் இப்போதுதான் சொல்கிறார்.

அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி என்று நீதான் எழுதினாய். அவள் புருஷன் உனக்கு சல்யூட் அடித்ததையும் நீதான் எழுதினாய். யாரும் கேட்காமல் ஏன் எழுதினாய்?

நீ இறங்கி வரும்போது நான் வரிசையில் நின்று கை தட்டமாட்டேன். நாங்கள் வரவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். அறை ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தம்பி

*

மே 19

என் தம்பிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால் சார் வெளியே போயிருக்கிறார் என்கிறான் எக்ஸ்சேஞ்ச்காரன். நீ பக்கத்திலேயே நின்று சொல்லச் சொல்வது போல இருக்கிறது அவன் குரல்.

திட்டியாவது எழுதியிருக்கலாம். நான் எழுதியது அதிகம் என்று மாமா சொல்கிறார். அதிகம்தான். ஆனால் திரும்ப எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன், என்ன செய்வது.

மேல்மாடி அறையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு எங்கே போகப் போகிறாய் என்று நீ சொல்லவே இல்லை. இங்கே வா. எப்படி வந்தாலும் வா. சாப்பிடுகிறாயா இல்லையா என்றாவது ஒரு வரி போடு.

அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் இல்லை. உன் மூட்டுவலியோடு மாடியறையைச் சுத்தம் செய்திருக்கிறாய், அதை மாமா செய்திருக்கக்கூடாதா?

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கடைசிப் பறப்பு நடக்கவில்லை. தண்ணீர் வண்டிகள் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. காலையில் ஹெல்மெட்டைக் கிடங்கில் ஒப்படைத்தேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த யாரோ ஒரு பையன் வாங்கிக்கொண்டு, “அவ்வளவுதான் சார்” என்றான். கேட்டைத் தாண்டி நடந்து வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். விமானம் என் கையில்தான் இருந்தது.

குருவி தரையைக் கொஞ்சம் தள்ளித் தொட்டான். அது ஒரு குற்றமே இல்லை. தொட்டதும் மறுபடி மேலே கிளப்பி, விமானத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். “எப்படி இறக்கணும்னு காட்டுறேன், பாரு” என்றேன். சக்கரங்களை உள்ளே இழுத்தவன் நான். சுற்றி வரும்போதெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். இவன் இறக்கத்தைப் பற்றி ஆரம்பித்து, மொட்டையின் இறக்கத்துக்குப் போய், மொட்டையின் பதக்கத்துக்குப் போனேன். லிவருக்குப் போகவேண்டிய கை அந்த இடத்தில் மூக்கில் வழிந்த கண்ணாடியை ஏற்றிவிட்டது. லிவரைப் போட்டுவிட்டதாகவே மனதில் பதிந்துவிட்டது. “மூணு பச்சை, சொல்லு” என்றேன். அவன் ரேடியோவில் சொன்னான். வேகத்தைக் குறைத்ததும் ஹார்ன் கத்தியது. எப்போதும் கத்துகிற ஹார்ன்தானே, விரல் தானாகப் போய் அமர்த்திவிட்டது. அப்புறம் அவன் “சார்...” என்றான். “வாயை மூடிக்கிட்டுப் பாரு” என்றேன். மூடிக்கொண்டான்.

விசாரணை அறையில் யார் ஓட்டியது என்று கேட்டார்கள். தேர்வு எழுதுகிறவர் முன் இருக்கையில் இருந்தார் என்றேன். பொய்கூட இல்லை, பார். அதற்கு மேல் அவர்களாக எழுதிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

உன் மே மாதக் கடிதம் வந்து இரண்டு மூன்று நாள் அதை மேசை மேலேயே வைத்திருந்தேன். பிறகு மொட்டையின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவன் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“தேய்ச்ச தடம் எங்கேயிருந்து ஆரம்பிக்குதுன்னு போய்ப் பார்த்தேன். ஆரம்பக் கோட்டு மேலேயே இருக்கு. அந்த இடத்துல கொண்டுவந்து வைக்கிறவன் இந்தத் தளத்துல ஒருத்தன்தான்டா.”

“அப்புறம் ஏன் அவன் இறக்கையைக் கழட்டினே?”

“தடத்தை வச்சு எழுத முடியாது. நீ ஒண்ணும் சொல்லல. அவனைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘பார்க்காம மூணு பச்சைன்னு சொன்னது நான்தான் சார், அது என் தப்பு’ன்னான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். உன் பேரை எடுக்கவே இல்லை. சரி, நீயா வருவேன்னு பார்த்தேன். இவ்வளவு நாள் எடுத்துப்பேன்னு நினைக்கல.”

பதவி உயர்வுக் குழுவுக்கு அந்த ஒரு வரியை எழுதினாயே என்று அந்த நேரத்திலும் கேட்டேன், அக்கா. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

“நான் எழுதல. உன்கூடப் பறந்தவங்க எல்லாருமே எழுதியிருந்தாங்க. நான்தான் அதை ஒரு வரியாக் குறைச்சேன்” என்றான்.

அவனை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. எழுந்து சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

இரண்டே நாளில் திரும்ப விசாரித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குருவிக்கு இறக்கை திரும்பக் கிடைத்தது. எனக்கு மிச்சமிருந்த நாட்களுக்குப் பறக்கத் தடை. இது சரி. இதில் எனக்குக் குறை இல்லை.

நேற்று குருவி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். ஓடுபாதையின் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிற சின்ன வீடுகளில் ஒன்று. கூடத்தில் தொட்டில். பெண் குழந்தை, பிறந்து கொஞ்ச நாள்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்க சார். நீங்க வருவீங்கன்னு நினைக்கவே இல்ல. நீங்க பேசலைன்னா இவருக்கு இறக்கை திரும்பி வந்திருக்காதாமே. இவரே சொன்னாரு. மறக்கவேமாட்டோம் சார்.”

நான் குருவியைப் பார்த்தேன். அவன் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் தேநீர் போட உள்ளே போனதும், “என்னப்பா சொல்லி வச்சிருக்கே?” என்றேன்.

“உண்மைதானே சார். நீங்க பேசினதாலதானே வந்துச்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மறந்தது நான்னே அவ நினைச்சுக்கட்டும் சார். வயசாக வயசாக நானும் உங்களை மாதிரி ஆயிடுவேன், அப்புறம் எதுவும் மறக்காதுன்னு நம்பிக்கிட்டு இருக்கா. உங்களுக்கே மறந்துச்சுன்னு தெரிஞ்சா, நான் மேல போற ஒவ்வொரு நாளும் அவளுக்கு உசிரு போயி உசிரு வரும்.”

கொண்டுபோன மன்னிப்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தேநீர் வந்தது. குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டாள், போதும் என்றேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை இத்தனை வருடச் சேவையில் எங்குமே கிடைத்ததில்லை. மெஸ்ஸில், அணிவகுப்பில், எங்குமே.

அப்போது அவள் கேட்டாள். “சார், நீங்க எல்லாரையும் பரீட்சை பண்றவரு. இவர்கிட்ட என்ன குறைன்னு சொல்லிட்டுப் போங்க. நான் வீட்டுல கண்காணிச்சுக்கிறேன்.”

குருவி சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தாள். ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. அதைச் சொல்வதற்குத்தான் அவ்வளவு தூரம் நடந்து போயிருந்தேன்.

“பேசவேண்டிய நேரத்துல வாயைத் திறக்கமாட்டான்” என்றேன்.

“வீட்டுல மட்டும் நல்லாத் திறப்பாரு சார்” என்றாள். மூவரும் சிரித்தோம். வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். வேலி ஓரமாகப் பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. அங்கேயும், அவன் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு, அவன் மேல் ஒரு பழியைப் போட்டுவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறேன். திரும்பிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். மாமா ஸ்டேஷனுக்கு வரவேண்டாம்.

தம்பி